நானூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்குப் பிறகு

சங்ககிரியிலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டில், பதினோரு லாரிப் பட்டறைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற வரிசையில், ஏழாவதாக இருந்த சம்பூர்ணம் டீசல் ஒர்க்ஸில், ஓர் ஆடி மாதத்துச் செவ்வாய்க்கிழமை காலையில், நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தோடு முடிந்துபோக வேண்டிய ரிப்பேர் புத்தகத்தில் நானூற்றுப் பதிமூன்றாவதாக ஒரு பக்கம் இருந்தது. யாரும் ஒட்டவில்லை, யாரும் தைக்கவில்லை. மற்றப் பக்கங்களின் அதே மொடமொடப்பு, அதே கறுப்பு மை, ஓரத்தில் அதே இரட்டைக் கோடு. ஒரே வித்தியாசம், புத்தகம் முழுக்க இங்கிலீஷில் இருக்க, இந்தப் பக்கம் மட்டும் தமிழில் இருந்தது. "வீல் ஹப் இறுகிக்கொண்டு கழன்று வராதபோது சுத்தியலால் அடிக்கக் கூடாது. சாக்கைச் சுற்றி, அதன் மேல் கொதிக்கும் நீரைச் சிறிது சிறிதாக ஊற்றவும். செய்தவர்: அத்தியப்பன்" என்று போட்டிருந்தது. முந்தின நாள் சாயங்காலம் அத்தியப்பன் டீக்கடையிலிருந்து கொதிதண்ணீர் வாங்கிவந்து செய்த வேலை அது.

அத்தியப்பன் பட்டறையின் மூத்த மெக்கானிக், பிரேக் வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. பக்கத்தைப் பட்டறைச் சொந்தக்காரி சம்பூர்ணம் அவர் முன்னால் விரித்துப் பிடித்தபோது மலைத்துப்போகவெல்லாம் இல்லை. கையைத் துடைத்துக்கொண்டு, தூரத்தில் வைத்து ஒரு தடவை, கிட்டத்தில் வைத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, "மத்த பக்கத்துக்கெல்லாம் படம் போட்டிருக்குதே அம்மிணி, எனக்கு மட்டும் படம் இல்லியா?" என்று கேட்டார்.

அந்தப் பட்டறையில் வேலை நடக்கிற முறையே தனி. ஆட்டோமொபைல் டிப்ளமா வகுப்பில் முப்பத்தொன்பது ஆண்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்ணாக உட்கார்ந்து படித்துத் தேறிய சம்பூர்ணம், இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் இந்தப் பட்டறையைப் போட்டபோது, கைதேர்ந்த மெக்கானிக்குகள் கிடைத்தார்கள், இங்கிலீஷ் படிக்கிற மெக்கானிக் ஒருவர்கூடக் கிடைக்கவில்லை. அதனால் அவள் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இங்கிலீஷைக் கண்ணால் வாங்கித் தமிழாக வாயால் விடுவாள், வண்டிக்கு அடியில் கிடக்கிறவர்கள் காதால் கேட்டுக் கையால் செய்வார்கள். பேசுகிற பேச்சாக இருக்காது அது. "கழற்றவும், துடைக்கவும், பொருத்தவும்" என்று ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்தி நிதானமாக வரும். பக்கத்துப் பட்டறைக்காரர்களும் சிக்கலான வேலை வந்தால் வண்டியை இங்கே தள்ளிக்கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அக்கா, சித்த படிங்களேன்" என்பார்கள். ஆகவே புத்தகம் அவளுடையதாக இருந்தாலும் அது பதினோரு பட்டறைக்கும் பொது என்றுதான் அந்த ரோடு நினைத்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு பக்கங்கள் வந்தவண்ணம் இருந்தன. எலக்ட்ரீஷியன் ஜாபர் பாய், மழையில் நனைந்த ஒயர் மூட்டை ஒன்றை அரிசி மூட்டைக்குள் புதைத்து வைத்துக் காயவைத்தார், மறுநாள் அது நானூற்றுப் பதினைந்தாம் பக்கம். ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று தவித்துக்கொண்டு நின்ற ஒரு டிரைவருக்கு, "ஒரு கை மஞ்சப்பொடி போட்டுப் பாருங்க, ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் நிக்கும்" என்று டீக்கடை நாச்சிமுத்து போகிற போக்கில் சொன்னது நானூற்றுப் பத்தொன்பதாம் பக்கமாக வந்தது. நாச்சிமுத்து அந்தப் பக்கத்தைப் போனில் படம் பிடித்து, பெரிதாக்கி, சாமி படத்துக்கு ஒரு விரற்கடை கீழே மாட்டினார். பட்டறையின் எடுபிடிப் பையன் சின்னுசாமி அவசரத்துக்குக் காலண்டர் அட்டையை வெட்டி, இஞ்சினில் எண்ணெய் கசியாமல் அடைக்கிற கேஸ்கட்டாக வைத்து, அது அரை மணி நேரத்தில் எண்ணெயைக் கக்கிய கூத்தும் வந்தது. "காலண்டர் அட்டை கேஸ்கட் ஆகாது. செய்து பார்த்தவர்: சின்னுசாமி." அவன் வெட்கப்படுவான் என்று பார்த்தால், பேர் வந்ததே என்று எல்லோருக்கும் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தான்.

இரண்டாவது பட்டறை பழனிவேலுக்குப் பெண் கொடுக்க எடப்பாடியிலிருந்து வந்தவர்கள், வீடு வாசலைப் பார்த்த கையோடு சம்பூர்ணத்தின் பட்டறைக்கு வந்து, புத்தகத்தில் மாப்பிள்ளை பேர் எத்தனை இடத்தில் இருக்கிறது, நல்ல இடத்தில் இருக்கிறதா, சின்னுசாமி மாதிரி இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுத்தான் தட்டு மாற்றினார்கள். பேர் வரவேண்டும் என்பதற்காகவே சில பேர் ஒரு போல்ட்டை முடுக்குவதற்கு நாலு புது வழி கண்டுபிடித்தார்கள், அவற்றைப் புத்தகம் சட்டை பண்ணவில்லை. பொய்யான வேலையும் வரவில்லை, ஏற்கெனவே தெரிந்த வேலையும் வரவில்லை. அந்த ரோட்டில் அரைகுறை வேலை செய்வதே நின்றுபோனது. நாளைக்கு அச்சில் வந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம்தான்.

இரண்டு மாதத்தில் இருபத்தெட்டுப் பக்கங்கள் ஏறியிருந்தன. பதினோரு பட்டறையிலும் கைக்கு ஒரு ஸ்பேனர் பிடித்த அத்தனை பேருடைய பேரும், ஸ்பேனரே பிடிக்காத நாச்சிமுத்து பேரும் அதில் இருந்தன. சம்பூர்ணத்தின் பேர் மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பதை அவள்தான் முதலில் புரிந்துகொண்டாள். தன்னிடம் இல்லாததைத்தான் புத்தகம் சேர்த்துக்கொள்கிறது. அவளோ புத்தகத்தில் இருப்பதைத்தான் படிக்கிறாள், அதில் இருப்பதைத்தான் செய்யச் சொல்கிறாள். ஒரு எழுத்துப் பிசகாமல் இருபத்திரண்டு வருடம் நடந்துகொண்டவளைப் பற்றி எழுதப் புத்தகத்துக்குப் புதிதாக என்ன இருக்கிறது? காரணம் புரிந்தது, புரிந்ததால் வலி குறையவில்லை. தினமும் காலையில் பட்டறைக்கு முதல் ஆளாக வந்து, யாரும் பார்ப்பதற்கு முன்னால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு வழக்கம்போலப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, மற்றவர்கள் வந்ததும் புதிய பேரைச் சத்தமாகப் படித்துச் சொல்வாள். எல்லோரும் கை தட்டுவார்கள், அவளும் தட்டுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் புரட்டாசியில் வண்டிக் கம்பெனியிலிருந்து ஹரிஹரன் என்ற ஆள் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வந்து இறங்கினான். கையில் ஒரு டேப்லெட். கூடவே அறுபது லாரிக்குச் சொந்தக்காரரான அர்த்தநாரி. அவருடைய வண்டிகள்தான் அந்த வரிசையில் பாதிப் பட்டறைகளை ஓட்டிக்கொண்டிருந்தன.

"புது வண்டிகள் எல்லாத்துக்கும் இனிமே அச்சுப் புத்தகம் கிடையாது மேடம். எல்லாம் இதுலதான். வாரா வாரம் அப்டேட் ஆகும். ஆனா ஒரு கண்டிஷன், பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடணும். ஒரு பட்டறையில ரெண்டு புத்தகம் இருந்தா ரெண்டு பதில் வரும், தப்பு ரிப்பேர் ஆகும்" என்றான் ஹரிஹரன்.

"எம்பட வண்டில நாப்பது இப்பப் புதுசுங்க" என்றார் அர்த்தநாரி, கொஞ்சம் சங்கடத்தோடு. "ஆயுத பூஜை முடிஞ்சா இது இருக்கற பட்டறைக்குத்தான் வண்டி அனுப்ப முடியும். நீங்களே யோசிச்சு ஒரு முடிவு சொல்லுங்க சம்பூர்ணம். புஸ்தகமா, இதுவா."

பத்து நாள் பழகிப் பார்க்கச் சொல்லி டேப்லெட்டை விட்டுவிட்டுப் போனார்கள். சம்பூர்ணத்துக்கு அது பிடித்திருந்தது. அதுதான் கஷ்டமே. இரண்டு விரலால் விரித்தால் தலைமுடி கனத்து ஒயர்கூடக் கயிறு மாதிரி தெரிந்தது, கண்ணாடியைத் தேட வேண்டியதில்லை. புது வண்டியின் வயிற்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்று அது சொன்னது, புத்தகத்துக்கு அந்த வண்டி பிறந்ததே தெரியாது. வேலை செய்கிறவளாக நினைத்துப் பார்த்தால் டேப்லெட்தான் சரி. ஆனால் அது வேலைக்காகப் பிடித்திருக்கிறதா, தன் பேர் இல்லாத அந்தப் புத்தகம் கண்ணை விட்டுப் போய்த் தொலையட்டும் என்று பிடித்திருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டபோது, நெஞ்சைத் தொட்டு ஒரு பதில் சொல்ல அவளால் முடியவில்லை.

அவள் கேட்டுக்கொண்டதை அத்தியப்பன் வாய்விட்டே கேட்டார். பதினோரு பட்டறை ஆட்களும் டீக்கடை முன்னால் கூடியிருந்தார்கள்.

"அம்மிணி, மனசுல பட்டதைக் கேட்டுப்போடறேன், கோவிச்சுக்காதே. உம்பட பேரு அதுல இல்லைங்கறதுக்காவ எங்க பேரையெல்லாம் தூக்கிக் குடுத்துருவியா?"

ஜாபர் பாய் அவர் தோளைப் பிடித்து அழுத்தினார். சம்பூர்ணம் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு நடந்தாள். கோபமாக வந்திருந்தால் திட்டியிருப்பாள், அவளுக்கு அழுகையாக வந்தது.

ஆயுத பூஜை வந்தது. பட்டறையைக் கழுவி, ஸ்பேனர், ஜாக்கி, கிரீஸ் துப்பாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைத்து வரிசையாக அடுக்கினார்கள். புத்தகத்தை மஞ்சள் துணியில் கட்டிச் சரஸ்வதி படத்தின் காலடியில் வைத்தாள் சம்பூர்ணம். டேப்லெட்டை எங்கே வைப்பது என்று ஒரு தகராறு. படிக்கிற சாமான், அதனால் சரஸ்வதியோடு வைக்க வேண்டும் என்றார் ஜாபர் பாய். கரண்டில் ஓடுகிற சாமான், அதனால் வெல்டிங் மிஷினோடு வைக்க வேண்டும் என்றார் அத்தியப்பன். எங்கே வைத்தாலும் குறை வந்துவிடக் கூடாதே என்று, காலண்டர் அட்டை நாயகன் சின்னுசாமி அதற்குச் சந்தனத்தைக் குழைத்து முன்னும் பின்னும் தாராளமாகப் பூசி, கேமராவுக்கு ஒரு பொட்டு, சார்ஜ் போடுகிற துளைக்கு ஒரு பொட்டு என்று அழுத்தி வைத்தான். கற்பூரம் காட்டி முடிக்கும்போது அது தன் பாட்டுக்குக் கண்ணை மூடிக்கொண்டது. பிறகு எழுப்பவே முடியவில்லை.

ரோட்டில் பூசணிக்காய் உடைத்துக்கொண்டிருந்தபோது அர்த்தநாரி காரிலிருந்து ஓடிவந்தார். பவானிப் பக்கத்துப் பண்ணை ஒன்றுக்கு நாற்பதாயிரம் கோழிக்குஞ்சு ஏற்றிக்கொண்டு போன அவருடைய புது லாரி, அரை கிலோமீட்டர் தள்ளி, பிரேக் பிடித்துக்கொண்டு நடு வெயிலில் நின்றுவிட்டது. ஓடுகிற வண்டியில் காற்று வரும், நிற்கிற வண்டியில் குஞ்சுகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். மாற்று வண்டிக்கு டிரைவர் யாரும் இல்லை, எல்லோரும் பூஜை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

"அந்த டேப்லெட்டை எடுங்க!"

சின்னுசாமி அதைத் தன் சட்டையால் துடைத்தபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"அப்ப புஸ்தகத்தை எடுங்க!"

"பூஜைல வெச்ச புஸ்தகத்தை நாளைக்குக் காலைலதான் பிரிக்கலாம்ங்க" என்றாள் சம்பூர்ணம். "பிரிக்கத் தேவையும் இல்லை. வாங்க, போலாம்."

பூஜையில் வைத்த ஸ்பேனரையும் தொடக் கூடாதே என்று அத்தியப்பன் தயங்கினார், பிறகு அவரே வழியும் சொன்னார். லாரி டிரைவர் தன் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கிற சாமான்கள் எந்தப் பூஜைக்கும் வராதவை, அவற்றை எடுத்தால் குற்றமில்லை. பதினோரு பட்டறை ஆட்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்கையோடு ஓடினார்கள்.

லாரிக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது. காற்றழுத்தம் காட்டுகிற ஏர் முள் மூன்றைத் தாண்டி ஏறமாட்டேன் என்றது. காற்று ஏறினால்தான் அந்தப் பிரேக் விடும். மேலே பெட்டிகளுக்குள் நாற்பதாயிரம் தொண்டைகள் கத்தின. சம்பூர்ணம் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து, மடியில் புத்தகம் இருப்பதுபோல இரண்டு கையையும் விரித்து வைத்துக்கொண்டு, இருநூற்று முப்பத்தேழாம் பக்கத்தை வாயால் திறந்தாள்.

"இஞ்சினை நிறுத்தவும். சக்கரங்களுக்குக் கல் வைக்கவும். காற்றை உலர்த்தும் ஏர் டிரையரின் அடி வால்வு மூடாமல் நிற்கிறதா என்று பார்க்கவும்."

"நிக்குதுங்க!" என்றது அத்தியப்பன் குரல்.

"வால்வைக் கழற்றி, துரு நீக்கி, திரும்பப் பொருத்தவும்."

"கழட்டறதுக்கு வழியே இல்லியே அம்மிணி. எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டு அடைச்சு வெச்சிருக்கறானுங்க."

புத்தகம் அங்கே முடிந்துவிட்டது. அதற்கு இந்த டப்பாவைத் தெரியாது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாகச் சம்பூர்ணத்துக்கு முன்னால் அடுத்த வரி இல்லை. கல்லை விட்டு எழுந்து, புடவையைச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிந்து, அந்தக் கறுப்பு டப்பாவை நிதானமாகப் பார்த்தாள். காற்று இந்த வழியாக வருகிறது, அந்த வழியாகப் போக வேண்டும், நடுவில் இது வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. திரும்பி வந்து அதே கல்லில் உட்கார்ந்தாள், அதே மாதிரி கையை விரித்துக்கொண்டாள், அதே குரலில் தொடர்ந்தாள்.

"டப்பாவைத் தொட வேண்டாம். கம்ப்ரஸரிலிருந்து டப்பாவுக்குள் வரும் குழாயை மட்டும் கழற்றவும். கைப்பிரேக்குக்குக் காற்று கொடுக்கும் டேங்க்கில், அடைப்பு போட்ட வாய் ஒன்று இருக்கும். அடைப்பை எடுத்துவிட்டுக் குழாயை நேராக அதில் சேர்க்கவும்."

சேர்த்தார்கள். இஞ்சின் உறுமியது. முள் நான்கு, ஐந்து, ஆறு என்று ஏறியது.

"டப்பா வழியாகப் போகாததால், நிறைந்ததும் காற்றை நிறுத்தச் சொல்ல இப்போது ஆளில்லை. ஆகவே ஒருவர் முள்ளைப் பார்த்தபடி கூடவே செல்லவும். எட்டைத் தாண்டினால் பிரேக்கை மிதித்துக் காற்றை இறக்கவும். முப்பதுக்கு மேல் ஓட்ட வேண்டாம்."

பிரேக் விட்டது. அத்தியப்பன் டிரைவர் பக்கத்தில் தொற்றி ஏறிக்கொள்ள, லாரி கிளம்பிப் போனது, வெயிலில் நின்றவர்களின் முகத்தில் குஞ்சுகளின் வாசனையோடு காற்று அடித்தது. புத்தகத்தில் இது எந்தப் பக்கம் என்று யாரும் கேட்கவில்லை. புத்தகம் எங்கே முடிந்தது, சம்பூர்ணம் எங்கே தொடங்கினாள் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

மறுநாள் விஜயதசமி. காலையில் மஞ்சள் துணியை எல்லோர் முன்னாலும் பிரித்தாள். நானூற்று நாற்பத்தொன்றாம் பக்கம் வந்திருந்தது. கழற்றவும், சேர்க்கவும், முப்பதுக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று ஒரு சொல் விடாமல் இருந்தது. "செய்தவர்கள்" என்று பெரிய வரிசை. அதற்குக் கீழே, அதுவரை எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு வார்த்தை. "சொன்னவர்: சம்பூர்ணம்."

அத்தியப்பன் படிக்கக் கேட்டுவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். "அப்ப நேத்து நீ படிக்கலியா அம்மிணி?"

ஜாபர் பாய் அதற்கு முந்தின பக்கங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டிருந்தார். "அக்கா, நானூத்திப் பதிமூணுல இருந்து பாருங்க. ஊத்தவும், கூடாது, வேண்டாம்... எல்லாமே நீங்க படிக்கற மாதிரிதாங்க இருக்குது. இது உங்ககிட்டத்தான் தமிழ் கத்துக்கிட்டிருக்குது."

சம்பூர்ணம் அன்று அழுததை மறைக்கவில்லை. அந்த ரோட்டுக்கும் தலைகால் புரியவில்லை, யாரோ வெடி வைத்தார்கள், நாச்சிமுத்து எல்லோருக்கும் கேட்காமலே டீ கொடுத்தார். இனிமேல் சம்பூர்ணம் புத்தகத்தைக் கொடுக்கவே மாட்டாள் என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அர்த்தநாரியே, "விடுங்க, நான் கம்பெனில பேசிப் பாக்கறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் ஹரிஹரனைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

சம்பூர்ணம் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தாள். "குடுக்கறேன்" என்றாள்.

அத்தியப்பன் எழுந்து மேஜைக்குக் கிட்டே வந்தார்.

"நேத்து அந்த டப்பா முன்னால நான் நின்னேன். ஒரு வரிகூட இல்லாம நின்னேன். வரப்போற வண்டியெல்லாம் அதுதான். தினமும் நாப்பதாயிரம் உசிரை வெச்சுட்டு நான் நிக்க முடியாது, எனக்கு அந்த டேப்லெட் வேணும். முந்தாநாள் குடுத்திருந்தா பொறாமைல குடுத்தான்னு சொல்லியிருப்பீங்க. நானே அப்படித்தான் நெனச்சிருப்பேன். இன்னைக்கு எம்பட பேரும் இதுல இருக்குது. அந்தப் பேரோட குடுக்கறேன்."

அத்தியப்பன் இரண்டு கையையும் எடுத்து அவளைக் கும்பிட்டார்.

ஹரிஹரன் ரசீதில் "412 பக்கங்கள்" என்று எழுதினான். சம்பூர்ணம் அதை அவன் பக்கம் தள்ளினாள். "நானூத்தி நாப்பத்தொண்ணு."

"மேடம், எங்க கம்பெனி மேனுவல்ல அத்தனை கிடையாதே..."

"எண்ணிப் பாருங்க."

எண்ணினான். இங்கிலீஷ் முடிந்து தமிழ் தொடங்கிய இடத்திலிருந்து அவள் ஒவ்வொரு பக்கத்தின் பேரையும் சத்தமாகப் படித்தாள், பேர் வந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார்கள், சின்னுசாமி உட்பட. கடைசிப் பக்கத்தில் தன் பேரையும் குரல் தாழ்த்தாமல் படித்தாள். ஹரிஹரன் பழைய எண்ணை அடித்து, 441 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, சந்தனம் அடைத்துப்போன டேப்லெட்டுக்குப் பதிலாகப் புதிது ஒன்றை எடுத்து வைத்தான். புத்தகத்தை அத்தியப்பனே கார் வரைக்கும் தூக்கிக்கொண்டு போய்ச் சீட்டில் வைத்தார்.

அடுத்த மாதம் வந்த ஓர் அப்டேட்டில், கம்பெனி விற்ற டேப்லெட் எல்லாவற்றிலும், நானூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு இருபத்தொன்பது பக்கங்கள் தமிழில் இருந்தன. கம்பெனிக்காரர்கள் நீக்கிப் பார்த்தார்கள், மறுநாள் காலையில் அவை இருந்த இடத்தில் இருந்தன. ரசீதிலும் அந்த எண்தான் இருக்கிறது என்று சொல்லி விட்டுவிட்டார்கள்.

கார்த்திகையில் ஒரு நாள், புது வண்டி ஒன்றை நிறுத்தி, டேப்லெட்டை மடியில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தபோது சம்பூர்ணத்துக்குப் போன் வந்தது.

"அக்கா, நான் திருச்செங்கோடு பொங்கியண்ணன், போர்வெல் வண்டி டிரைவருங்க. ராய்ப்பூர்ல இருந்து பேசறேன். வண்டி ஏர் ஏறாம நின்னுபோச்சுங்க. இங்கத்த மெக்கானிக் டேப்லெட்டைத் தள்ளித் தள்ளிப் பாத்தான், கடைசில நம்மூரு எழுத்தா வந்துச்சு. அவனுக்குப் படிக்கத் தெரியல. நான் படிச்சு இந்தில சொல்லச் சொல்ல அவன் செஞ்சானுங்க."

"எது வரைக்கும் செஞ்சீங்க? அடுத்தது படிக்கட்டுமா?"

"இல்லீங்க, வண்டி ஏர் ஏறிடுச்சு, அதெல்லாம் ஆயிடுச்சு. அடியில உங்க பேரு இருந்துச்சுங்களா, அதையும் சேத்துப் படிச்சுப்போட்டேன். யாரு அது, யாரு அதுன்னு இங்க பட்டறைல அத்தனை பேரும் கேட்டானுங்க."

"நீ என்ன சொன்னே?"

"எங்க ஊருன்னு சொன்னனுங்க."